வந்து பார்த்துவிட்டுப் போனவள்

மாமியார்: …அப்புறம்? இன்டர்வியூல அத்தனை பேரும் சேர்ந்து என்னதான் கேட்டாங்க?

மாப்பிள்ளை: எங்க கேட்டாங்க? முதல்ல என் முதுகுக்குப் பின்னாடி எட்டிப் பாத்தாங்க. "அம்மா வரலையா?"ன்னாங்க.

மாமியார்: யாரோட அம்மா?

மாப்பிள்ளை: பாப்பாவோட அம்மா. துணையில்லாம குழந்தைய வளக்கறவங்க மேல படிக்கச் செலவு தர்ற அறக்கட்டளை இல்லையா, இதுவரைக்கும் பொம்பளைங்கதான் வந்திருக்காங்களாம். நான் யாரையோ இறக்கிவிட வந்த டிரைவர்னு நெனச்சிருக்காங்க.

மாமியார்: அந்தக் காக்கிச் சட்டையப் போடாதீங்கன்னு காலைலயே சொன்னேன்.

மாப்பிள்ளை: ஆமா, எல்லாத்துக்கும் சட்டைதான் காரணம். அப்புறம் ஒரு பெரியவர் கேக்கறார், "பொம்பளப்புள்ளைக்குத் தலை பின்னத் தெரியுமா?"

மாமியார்: தெரியும்னீங்களா?

மாப்பிள்ளை: பின்னே?

மாமியார்: நல்லவேளை, பின்னிக் காட்டச் சொல்லல. நீங்க பின்னி அனுப்பின அன்னிக்கு, "குழந்தை எங்கயாவது விழுந்துச்சா"ன்னு ஸ்கூல்லேருந்து போன் பண்ணாங்க.

மாப்பிள்ளை: அது ஒரே ஒரு நாள்.

மாமியார்: அதுக்கப்புறம் சீப்பு உங்க கைக்குப் போனாத்தானே. சரி, இந்த வயசுல மேல்படிப்பு எதுக்குன்னு கேக்கலையா?

மாப்பிள்ளை: கேட்டாங்க. "ஆஸ்பத்திரில பிசியோதெரபிக்கு வர்ற முட்டியெல்லாம் நான்தான் மடக்கி நீட்டறேன். நான் பழக்கிவிட்ட பையன் மேல்படிப்பு முடிச்சிட்டு வந்து, முட்டிய இப்படி மடக்குங்க சார்னு எனக்கே சொல்லித்தர்றான்"னேன்.

மாமியார்: உண்மைய யார் சொல்லச் சொன்னா? சேவை கீவைன்னு ஏதாவது அவுத்துவிட வேண்டியதுதானே.

மாப்பிள்ளை: அதையும் அவுத்துவிட்டேன். அப்பத்தான் தலையாட்டினாங்க.

மாமியார்: பேங்க்ல கேட்ட கடன்?

மாப்பிள்ளை: ஈடா என்ன இருக்குன்னான். பாப்பாவோட சைக்கிள் இருக்குன்னேன். சிரிக்கக்கூட இல்ல. இதை விட்டா வேற வழி கெடையாது அத்தை. அடுத்த வருஷம் வயசு தாண்டிடும், அப்புறம் எந்தக் காலேஜும் சேத்துக்காது.

மாமியார்: அப்போ தர்றாங்களா, இல்லையா?

மாப்பிள்ளை: வீட்டைப் பாத்துட்டுத்தான் சொல்வாங்களாம். ஆள் அனுப்புவாங்களாம். சொல்லாம கொள்ளாம.

மாமியார்: …எப்போ?

மாப்பிள்ளை: நான் அங்க உக்காந்திருக்கறப்பவே இங்க வந்திருக்கலாம். யாராவது வந்தாங்களா?

மாமியார்: டீ ஆறுது, குடிங்க.

மாப்பிள்ளை: அத்தை.

மாமியார்: ஒரு பொண்ணு வந்தா. அது வேற விஷயம்.

மாப்பிள்ளை: என்ன வேற விஷயம்?

மாமியார்: கோவப்படக் கூடாது.

மாப்பிள்ளை: பட்டுட்டேன். சொல்லுங்க.

மாமியார்: கல்யாண புரோக்கர்கிட்ட… உங்க போட்டோவக் குடுத்து வெச்சிருந்தேன்.

மாப்பிள்ளை: என் போட்டோவ. எனக்கே தெரியாம.

மாமியார்: தெரிஞ்சா விடுவீங்களா? என் பொண்ணு போய் நாலு வருஷமாச்சு. சத்தத்தைக் குறைச்சு வெச்சுட்டு நீங்க ஒண்டியா டிவி முன்னாடி உக்காந்திருக்கறதை எத்தனை நாள்தான் நானும் பாக்கறது? எனக்கு மனசு ஆறல மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: …சரி. வந்தவ என்ன கேட்டா?

மாமியார்: சம்பளம் எவ்வளவுன்னா. எத்தனை ரூம்னா. சமையல் யாரு, குழந்தை யார்கூடப் படுக்கும், வீடு வாடகையா சொந்தமான்னு ஒண்ணு விடல. கட்டிக்கப் போறவளத் தவிர எவ இதெல்லாம் கேப்பா? பொண்ணே நேர்ல வந்து விசாரிக்கறாளே, விவரமானவதான்னு நெனச்சேன்.

மாப்பிள்ளை: அறக்கட்டளைக்காரியும் இதெல்லாம் கேப்பா.

மாமியார்: அது இப்பத்தானே தெரியுது.

மாப்பிள்ளை: நீங்க என்ன சொன்னீங்க?

மாமியார்: தங்கமான புள்ள, அடுத்த மாசமே கல்யாணம்னாலும் ரெடின்னேன்.

மாப்பிள்ளை: பிரமாதம். மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டா அன்னிக்கே பணத்தை நிறுத்திடுவாங்க. அவங்க முதல் கண்டிஷனே அதுதான்.

மாமியார்: ஐயையோ… அட்ரஸக் குடுங்க, நான் போறேன். கெழவி ஏதோ உளறிட்டேன்னு காலைப் பிடிச்சாவது சொல்லிட்டு வரேன். செருப்ப எங்க விட்டேன்…

மாப்பிள்ளை: உக்காருங்க. மிச்சத்தையும் சொல்லுங்க.

மாமியார்: குழந்தை உனக்கு ஒரு தொந்தரவா இருக்காதும்மா, நான் பாத்துக்குவேன்னேன்.

மாப்பிள்ளை: நீங்க யாருன்னு கேட்டிருப்பாளே.

மாமியார்: கேட்டா…

மாப்பிள்ளை: என்ன சொன்னீங்க?

மாமியார்: அதுல என்ன இருக்கு, விடுங்க.

மாப்பிள்ளை: அத்தை.

மாமியார்: செத்துப்போன பெண்டாட்டியோட அம்மா இந்த வீட்லயே இருக்கான்னா எந்தப் பொண்ணு துணிஞ்சு வருவா? அதான்… உங்களப் பெத்த அம்மான்னுட்டேன். எம்புள்ள, எம்புள்ளன்னே பேசிட்டேன். பொய்தான். ஆனா வாய் கொஞ்சமும் கூசல… அது சரி, குழந்தைய யார் பாத்துக்குவாங்கன்னு அங்கயும் கேட்டிருப்பாங்களே, நீங்க என்ன சொல்லி வெச்சீங்க? ரெண்டும் ஒத்துப்போகலைன்னா பொய்க்காரக் குடும்பம்னு ஆயிடுமே.

மாப்பிள்ளை: பஸ்ல வரும்போதே போன் வந்துடுச்சு அத்தை, உங்க வாயால கேக்கணும்னுதான் சொல்லல. பணம் உண்டாம். நான் அங்க சொன்னதும் நீங்க இங்க சொன்னதும் ஒண்ணாவே இருந்துச்சாம். "படிப்பு முடியற வரைக்கும் பொண்ணு பாக்க வேண்டாம்னு உங்க அம்மாகிட்டச் சொல்லிடுங்க"ன்னாங்க… சொல்லிட்டேன்.