பேங்க்காரன் தரும் லாபக்காய்

"பேங்க்காரனே லாபக்காய் குடுக்கிறான்னா அதுல என்னமோ இருக்கு, மாப்ள."

தஞ்சாவூர் போகும் பேருந்தில் பின் இருக்கையிலிருந்து இது காதில் விழுந்ததும், படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மடித்துவிட்டேன். பட்டுக்கோட்டையில் ஏறியவர்கள்; சேர்ந்து தேங்காய் மண்டி நடத்தும் மாமன் மச்சான் இருவர். மாப்பிள்ளை என்றழைக்கப்பட்டவர் மண்டி பேரில் கிரெடிட் கார்டு வாங்கத் துடித்தார்.

"மூணு மாசத்துல மூணு லட்சத்துக்குத் தேய்ச்சா பத்தாயிரம் போனஸ், மச்சான்."

"தேய்க்கிறதுக்கு எந்தத் தோப்புக்காரன் மெஷின் வச்சிருக்கான்?"

"லாரிக்கு டயர் வாங்குவோம்."

"போன மாசம்தானே மாத்துனோம்? சரி, மூணு லட்சம் எட்டலேன்னா?"

"போனஸ் வராது."

"வருஷக் கட்டணம்?"

"அது வரும்."

பேருந்து பாப்பாநாடு தாண்டியது. பிறகு மாப்பிள்ளையே ஆரம்பித்தார்.

"தோப்புக்காரங்க நூறு காய்க்கு மேல பத்து காய் லாபக்காய்னு நமக்கு சும்மா குடுக்கலையா?"

"சும்மாவா குடுக்கிறாங்க? குடுக்கலேன்னா அடுத்த காய் வெட்டுக்கு நாம ஆள் அனுப்பமாட்டோம்கிற பயத்துல குடுக்கிறாங்க. பேங்க்காரனுக்கு நம்மகிட்ட என்ன பயம், சொல்லு?"