எட்டு செகண்டு

இல்ல ஜட்ஜம்மா, அது தொப்பி இல்ல. கம்பளி பேடு. கார் பாலிஷ் மெஷின் மூஞ்சில மாட்டுறது. முதலாளியோட வக்கீல் சார் தலைகீழாப் பிடிச்சிருக்கார், அதான் உங்களுக்கு அப்படித் தெரியுது. அதைக் கையில எப்படிப் பிடிக்கறதுன்னே தெரியாதவர்தான் ஒரு மணி நேரமா எனக்கு வேலை தெரியாதுன்னு பேசிட்டிருக்கார்.

மன்னிச்சுக்கோங்க, குரலைக் குறைச்சுக்கறேன். பதினோரு வருஷம் மெஷின் சத்தத்துக்கு மேல பேசிப் பழகிட்டேன். மெதுவாப் பேசினா எனக்கே நம்பிக்கை வராது.

வேண்டாம்மா, எனக்கு வக்கீல் வேண்டாம். நானே பேசிக்கறேன்.

அந்த மூணு பாட்டில்தானே கேட்டீங்க? முதலாளி அக்கறையாக் கொண்டாந்து அடுக்கியிருக்கார். இது, விரல்ல தொட்டா நறநறன்னு மண்ணு மாதிரி இருக்கே, காம்பவுண்டு. ஆழக் கீறலுக்கு. இது நடுத்தரம். இந்தப் பால் மாதிரி இருக்கறது கடைசி மினுக்குக்கு. கடையில போய் நின்னீங்கன்னா எல்லா பாட்டில் மேலயும் ஒரே மாதிரி கண்ணாடியாட்டம் ஒரு காரு படம்தான். படத்தைப் பார்த்து வாங்கறவன் வண்டியைக் கெடுப்பான். இருக்கறதுலயே சாதுவானதை எடுத்து, உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ச்சுப் பாக்கணும். கீறல் போகலேன்னாத்தான் அடுத்தது. புருஷன் பொண்டாட்டி சண்டை மாதிரிதான்மா. எடுத்த எடுப்புலயே பெரிய வார்த்தையை விட்டுட்டா அப்புறம் அள்ளவா முடியும்?

மெஷின்லயும் ரெண்டு இருக்கு. ஒண்ணு ஆடி ஆடிச் சுத்தும், நம்ம தப்பைப் பொறுத்துக்கும். இதோ இது, ஒரே சுத்து. பொறுமைங்கறதே கிடையாது. ஒரு இடத்துல நின்னா சூடேறிப் பெயிண்டைத் தின்னுடும். அதுலயும் கதவோரம், மடிப்பு, தூணு, அங்கெல்லாம் பூச்சு வெங்காயச் சருகு கணக்கா இருக்கும். டேப் ஒட்டி மறைக்காம நான் மெஷினைத் தொடவே மாட்டேன்.

ஆமா, அன்னிக்கு அந்தத் தூண்ல டேப் இல்ல. ஒட்டியிருந்தேன். உரிச்சேன். சொல்றேன்மா, வரிசையாச் சொல்லிடறேன்.

செவ்வாக்கிழமை விக்கறதுக்கு ஒரு பழைய வண்டி வந்துச்சு. கருநீலம். முன் கண்ணாடில ஒரு அட்டை, ஒரே ஓனர், அடி படாத வண்டின்னு. ரெண்டு நாள் தேய்ச்சேன். நல்ல தகரத்துல மெஷின் ஒரே சீரா ரீங்காரம் போடும். இதுல ரெண்டு கதவுக்கும் நடுவுல இருக்கற தூண்கிட்ட வந்தா சத்தம் பொசுக்குன்னு அமுங்கிப் போச்சு, தலையணையை அடிச்ச மாதிரி. காந்தத்தை வெச்சுப் பாத்தேன். ஒட்டாம கீழே விழுந்துச்சு. அடியை மறைக்க விரல் கனத்துக்குப் பட்டி பூசியிருக்கான். உள்ள கால் மிதிக்கற கம்பளத்தைத் தூக்கினா குறுக்கே வெல்டிங். முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி வேறொரு வண்டி. ஒட்டவெச்சு நீலம் அடிச்சிருக்காங்க. ஒரு லாரி இடிச்சா ரெண்டும் அதது வழியைப் பாத்துக்கிட்டுப் போயிடும்.

போய்ச் சொன்னேன். இதோ நிக்கறாரே, இவர்கிட்டதான். நீ தேய்க்க வந்தவ, வைத்தியம் பாக்க வந்தவ இல்லேன்னார். சரின்னு வந்து தேய்ச்சேன். முகம் பாத்துத் தலை வாரலாம், அப்படித் தேய்ச்சேன்.

வெள்ளிக்கிழமை வாங்கறவங்க வந்தாங்க. டிராயிங் வாத்தியார், அவர் சம்சாரம், ரெண்டு பொண்ணுங்க. முதலாளிக்கு ஒரே குஷி, அவங்க முன்னாடி இன்னொரு தடவை மினுக்கிக் காட்டுன்னார். சின்னது கதவுல தன் மூஞ்சியைப் பாத்து நாக்கை நீட்டுது. பெரியது பின் சீட்டுல ஏறி, இது என் ஜன்னல், அது உன் ஜன்னல்னு பாகப்பிரிவினை பண்ணிட்டிருக்கு. அது தலை சாய்ச்சிருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் அந்தத் தூணு.

வாயால சொல்லியிருக்கலாமேங்கறீங்க. சொன்னா? வேலையில ஏதோ கோவம், பொய் சொல்றாள்னு ஒரே வார்த்தைல முடிச்சிருப்பார். வாத்தியார் யாரை நம்புவார்? சட்டை மடிப்புக் கலையாத இவரையா, மூக்கெல்லாம் பாலிஷ் மாவா நின்ன என்னையா? ரெண்டு பேரையும் நம்ப மாட்டார்மா. அந்தப் பளபளப்பை நம்புவார். அந்தப் பளபளப்பைப் போட்டவ நான்.

பாப்பா, கொஞ்சம் இறங்கி அம்மாகிட்டப் போன்னேன். டேப்பை உரிச்சேன். கம்பளி பேடு, நறநற காம்பவுண்டு, முழு வேகம். தூண் மேல நட்டுப் பிடிச்சேன். மனசுக்குள்ள எண்ணினேன், எட்டு செகண்டு. மேல் பூச்சு போச்சு, நீலம் போச்சு, சாம்பல் போச்சு, மஞ்சளாப் பட்டி பறந்துச்சு. ஸ்க்ரூ டிரைவரால ஒரு தட்டு தட்டினேன். பாளமாப் பேந்து விழுந்துச்சு. உள்ள வெல்டிங் தழும்பு, இவ்வளவு நீளம்.

இது என்னன்னு கேட்டார் வாத்தியார். சாவியை பானெட் மேல வெச்சார். மெதுவாத்தான் வெச்சார், கீறிடக் கூடாதேன்னு. பொண்ணுங்களைக் கையில பிடிச்சுட்டு நடந்துட்டார். அவ்வளவுதான் நடந்தது.

ஆமா, வேணும்னேதான். வக்கீல் சார் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கார், அதை அடிச்சுடுங்க. அத்தனை கவனமா நான் எந்த வண்டியையும் தேய்ச்சதில்ல. இதுக்காக நீங்க என்ன தீர்ப்பு குடுத்தாலும் நான் தலை குனிய மாட்டேன்.

குனிய வேண்டியது வேறம்மா. இதுக்கு முன்னாடி இதே மாதிரி ஆறு வண்டி. அதுலயும் சத்தம் அமுங்குச்சு. தெரிஞ்சே, சாதுவான பாலிஷா எடுத்து, பட்டி வெளிய வந்துடாமப் பாத்துப் பாத்துத் தேய்ச்சுக் குடுத்தேன். வேலை போயிடுமேன்னுதான், வேற என்ன. குத்தம்னு எழுதினா அந்த ஆறுக்கு எழுதுங்க. இந்தாங்க சீட்டு. நம்பர் பிளேட்டுக்கு டேப் ஒட்டி உரிக்கறவ நான், நம்பரெல்லாம் அத்துப்படி. ஆறாவதுல மட்டும் கடைசி எண்ணு சந்தேகம். எல்லாம் இன்னிக்கும் ரோட்டுல ஓடுது. கண்டுபிடிச்சு நிறுத்துங்க. இதைச் சொல்லத்தான் வந்தேன். ஒரு நாள் எல்லாரும் உக்காந்து கேப்பாங்க, எழுதிக்கவும் செய்வாங்கன்னா, அது இங்கதானே?

உக்காருங்க முதலாளி, இன்னும் முடியல.

மூணாவது நம்பரைத் தேட வேண்டாம்மா. வெளிய மரத்தடியில நிக்குது, சிவப்பு. எங்க அக்கா வீட்டு வண்டி. நான் தேய்ச்சு முடிச்ச ரெண்டாம் நாள் அத்தான் ஓட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்தினார், உன் கை பட்டதுன்னுதான் கண்ணை மூடிட்டு வாங்கினேன்னு. வாய் வரைக்கும் வந்துச்சு. மூணு வருஷமா வாய்லயே இருக்கு. காலையில என்னைக் கொண்டாந்து விட்டதும் அதுலதான்.

அதோ, கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கா. அவளுக்கே இப்பத்தான் தெரியும்.

அக்கா, அழாத. அப்புறம் எவ்வளவு வேணா திட்டு. சாவியை ஜட்ஜம்மாகிட்டக் குடுத்துடு. நாம பஸ்ல போயிக்கலாம்.