பட்டியலில் ஒரு ஹிகா

— தொப்பியக் கழட்டுடா, சாயம் போச்சான்னு பாக்கணும்.

— மாட்டேன். போடி ரோசில்டா.

— வேனுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டா முடி முளைச்சிடுமா? கழட்டு. ஐயோ மார்சியோ! இன்னும் அப்படியே ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம். காதுக்குப் பின்னாடி கொஞ்சம் மொட்டை அடிக்கவே மறந்துட்டானுங்க.

— சிரி, நல்லா சிரி. மூணு தடவ சோப்பு போட்டுட்டேன், சத்தியமா, போகவே மாட்டேங்குது. அதுலயும் நெத்தில இன்ஜினியர்னு எழுதியிருக்கானுங்க பாரு, அது தேய்க்கத் தேய்க்க பளபளங்குது.

— நுழைவுத் தேர்வுல பாஸானா தலைய மழிச்சு சாயம் பூசத்தான் செய்வாங்க. வருஷா வருஷம் நடக்குறதுதான?

— பாஸானவனுக்குடி! நான் பாஸாகலியே!

— மெதுவாப் பேசு. உங்கப்பா அந்தப் பக்கம்தான் சந்தைக் கடைல, எண்ணெய்ச் சட்டில பாஸ்டெல் பொரிச்சிட்டிருக்காரு.

— பேப்பர் கொண்டாந்தியா?

— இந்தா. பேரு வரிசைப்படி போட்டிருக்கான். மார்சியோன்னு எட்டு பேர். எட்டுல ஒருத்தனுக்குக்கூட உன் குடும்பப் பேரு ஹிகா இல்ல. கொஞ்சம் கீழ வா. மில்டன்னு மூணு பேர். நடுவுல இருக்கறவன் மில்டன் ஹிகா.

— யாருடி அது?

— எனக்கு எப்படித் தெரியும்? சாவோ பாவ்லோல எந்த மூலைலயோ இருக்கற ஒரு மில்டன். பாவம், அவன் இப்ப முழு முடியோட உக்காந்து காபி குடிச்சிட்டிருப்பான்.

— எல்லாம் நம்ம கிளாஸ் ஜெர்சன் பயதான்டி. பேப்பரப் பிரிச்சதும் 'ஹிகா இருக்கான், ஹிகா இருக்கான்'னு ஒரே கூச்சல். 'டேய், அது மில்டன், நான் மார்சியோ'ன்னு நானும் கத்தினேன். கேட்டானா? 'பேப்பர்காரன் தப்பா அச்சடிச்சிருப்பான்டா, ஜப்பான்காரன் கணக்குல தப்பு பண்ண மாட்டான்'னு சொல்லிட்டு தலைல மெஷின ஓட்டிட்டான்.

— நீ எந்திரிச்சு ஓட வேண்டியதுதான?

— நாலு பேர் அமுக்கிப் பிடிச்சா எங்க ஓட? நீயும் அங்கதான நின்ன. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?

— வாயத் திறந்தேன். யாரு கேட்டா?

— அப்புறம் இன்னொண்ணு. சொன்னா சிரிக்கக் கூடாது.

— சொல்லு.

— பாதித் தலை போனப்போ எனக்கே சந்தேகம் வந்துடுச்சுடி. ஒருவேளை பேப்பர்காரன் தப்புதானோன்னு. சத்தியமா, ஒரு அரைமணி நேரம் நான் இன்ஜினியரா இருந்தேன்.

— எப்படி இருந்துச்சு?

— தலை குளிருச்சு.

— ரெண்டு சீஸ், ஒரு கறி! வாங்க, வாங்க! இன்னிக்கு ஹிகா கடைல பாஸ்டெல் எல்லாருக்கும் சும்மா! கரும்பு ஜூஸ் மட்டும் பக்கத்துக் கடைல காசு குடுத்து வாங்கிக்கோங்க, அவரு பையன் பாஸாகல! டேய் மார்சியோ! எங்கடா போன?

— வரேம்ப்பா! சாயம் கழுவிட்டிருக்கேன்!

— கழுவாதடா மகனே! சந்தை முடியற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்! எல்லாரும் பாக்கணும்!

— கேட்டியாடி? எங்க சித்தப்பா ரெண்டு பேருக்கும் போன் போட்டுட்டாரு. அவங்க இப்ப குடும்பத்தோட கிளம்பி வந்திட்டிருக்காங்க.

— அப்போ அவங்க வர்றதுக்குள்ள போய்ச் சொல்லிடுடா. நேரம் ஆக ஆக இன்னும் மோசமாகும்.

— என்னன்னு சொல்ல? தினமும் நாலு மணிக்கு எந்திரிச்சு மாவு பிசையறாரு. 'நீ இந்த எண்ணெய்ச் சட்டி பக்கமே வரக் கூடாது, படி, படி'ன்னு ஒரே பேச்சு. எனக்கு எண்ணெய்ச் சட்டிகிட்ட நிக்கத்தான்டி பிடிச்சிருக்கு. மாவு உப்பி மேல வரும் பாரு, அந்த நேரம் எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருக்கும் தெரியுமா?

— இத அவர்கிட்ட என்னிக்காவது சொல்லியிருக்கியா?

— எனக்குக் கணக்கு வராதுங்கறத ரெண்டாங்கிளாஸ்லேர்ந்து சொல்றேன். ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. பள்ளிக்கூடத்துல கணக்குப் போட்டின்னு என்னத் தூக்கி மேடைல உக்கார வச்சாங்களே, ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? இருபதுக்கு மூணு. டீச்சர் என்ன சொன்னாங்க? 'பாவம், பையனுக்குக் கூச்சம்.'

— எட்டாங்கிளாஸ்ல சைபர் வாங்கினேன்.

— 'காய்ச்சலா இருக்கும்'னு மாத்திரை குடுத்தாங்க.

— முழுங்கினேன்டி! ரொம்பக் கசப்பு!

— ஆமாமா, பெரிய கஷ்டம்தான். அதே பரீட்சைல நான் நூறு வாங்கினேன். எனக்கு மாத்திரை குடுக்கல. 'யாரு பக்கத்துல உக்காந்திருந்த?'ன்னு கேட்டாங்க. கரும்பலகைக்குப் பக்கத்துல தனியா உக்கார வச்சு மறுபடி எழுதச் சொன்னாங்க.

— எவ்ளோ வந்துச்சு?

— நூறு. அதுக்கப்புறமும் குனிஞ்சு மேஜைக்கு அடியில பாத்தாங்க.

— என்னக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். நீ உக்காந்திருந்தது என் பக்கத்துல. என்னப் பாத்து எழுதினா நூறு எப்படி வரும்?

— உன்னப் பாத்து எழுதத்தான ஊரே அடிச்சிக்கிச்சு? மாதிரித் தேர்வு அன்னிக்கெல்லாம் ஜெர்சன் விடியக்காலைலயே வந்து உன் பின்னாடி பைய வச்சு இடம் பிடிப்பான்.

— நான் அவன்கிட்ட உண்மையச் சொன்னேன்டி. 'டேய், அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது, நான் வந்த பஸ் நம்பர எழுதியிருக்கேன்'னு. 'என்ன ஒரு தன்னடக்கம்'னுட்டு அவனும் அதையே எழுதிக்கிட்டான்.

— உன்னப் பாத்து எழுதின ஏழு பேரும் ஒரே பஸ்ல போயாச்சு. ஒருத்தன் பேரும் பேப்பர்ல இல்ல.

— பக்கத்து வீட்டு டிவி ரிப்பேர்னாலும் என்னத்தான் கூப்பிடறாங்க. நான் ஜப்பானப் பாத்ததுகூட இல்ல. எங்க தாத்தா காலத்துலயே இங்க வந்தாச்சு. இந்த ஜப்பான் மூஞ்ச வச்சிக்கிட்டு ஒரு மனுஷன் நிம்மதியா மக்குப் பயலா இருக்க முடியலடி.

— என் கறுப்பு மூஞ்ச வேணா மாத்திக்கறியா? வியாழக்கிழமை வியாழக்கிழமை உங்க வீட்டு சமையக்கட்டுல முக்கோணத்த வரைஞ்சு வரைஞ்சு உனக்கு யாருடா சொல்லிக் குடுத்தா? உங்கப்பா தட்டோட வந்து என் தலையத் தடவிட்டு, 'நல்லாக் கத்துக்கம்மா, பையன் பொறுமையாச் சொல்லிக் குடுப்பான்'னுட்டுப் போவாரு.

— நான் அப்பவே சொல்லியிருக்கணும்.

— நீ ரெண்டு பாஸ்டெல் தின்னுட்டு பேசாம இருந்த.

— அடடே, யாரோட பேச்சுன்னு பாத்தேன். ரோசில்டாவா? வாம்மா, வா. நம்ம பையன் தலையப் பாத்தியா? சாப்டியா நீ? கறி வச்சது சூடா இருக்கு, எடுத்துக்க.

— சாப்டறேன் மாமா.

— நீயும் மனச விட்டுடாத, பாரு. எல்லாருக்கும் மொத தடவையே கிடைச்சிடுமா? அடுத்த வருஷம் எழுது. இவன் காலேஜ் விட்டு வந்து உனக்குச் சொல்லிக் குடுப்பான்.

— சரி மாமா.

— அப்பா, போதும்ப்பா. நான் பாஸாகல.

— சந்தை நேரத்துல விளையாடாதடா.

— விளையாடல. பேப்பர்ல இருக்கறது மில்டன் ஹிகா. நம்பரும் என்னோடது இல்ல. கணக்குத் தாள்ல பாதிய வெறுமனே விட்டுட்டு வந்தேன். எனக்குக் கணக்கு வராதுப்பா, எப்பவுமே வந்ததில்ல. இவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா, நான் இவளுக்கு இல்ல.

— எண்ணெய் காயுது. அணைச்சிட்டு வரேன்.

— இருங்கப்பா, நான் அணைக்கறேன். ம், அணைச்சாச்சு. உக்காருங்க. இந்தாங்க, இந்தக் கூடை மேல உக்காருங்க.

— சந்தை முழுக்கச் சொல்லிட்டேனேடா, மகனே.

— தெரியும்ப்பா. மன்னிச்சிடுங்க. நானே கடை கடையாப் போய்ச் சொல்லிட்டு வரேன்.

— அந்தப் பேப்பரக் குடு.

— நாங்க பாத்துட்டோம் மாமா. இல்ல.

— நான் பாக்கலியே. குடும்மா. எங்க என் கண்ணாடி? இத்தனை பேர அச்சடிக்கறவன் எங்கயாவது மாத்திப் போட்டிருப்பான், பாரு. மில்டனுக்கு அப்புறம் கீழ எங்கயாவது இருக்கும். நெல்சன். ஓஸ்வால்தோ. பவுலோ, பவுலோ, பவுலோ. எத்தனை பவுலோடா!

— அப்பா, வேணாம்ப்பா. நீங்க இப்படித் தேடுறதப் பாத்தா எனக்கு அழுகை வருது.

— சும்மா இரு, வரிசை விட்டுப்போகும். ரஃபாயெல். ரெனாத்தோ. ரிக்கார்தோ.

— மாமா, அதுக்குக் கீழ பாக்க வேணாம். குடுங்க, நான் மடிச்சு வைக்கறேன்.

— இரும்மா. ரொபெர்த்தோ, ரொபெர்த்தோ. ரோசில்டா தோஸ் அஞ்சோஸ். ரோசில்டாவா? இது எந்த ரோசில்டா?

— அது வேற எவளாவதா இருக்கும்ப்பா.

— நம்பருக்கு அடியில பென்சில்ல கோடு போட்டிருக்கே. யாரு போட்டது?

— ஏய், ரோசில்டா. இங்க பாருடி. நீயா? ஏன்டி சொல்லல?

— சொல்லத்தான்டா காலைல இந்தப் பேப்பரத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தேன். வந்தா உன் தலைல மெஷின் ஓடிட்டிருக்கு. 'வா, வா, நல்ல நேரத்துல வந்த'ன்னு ஜெர்சன் என் கைல சாய டப்பாவத் திணிச்சான். 'ஆடாமப் பிடி, இன்ஜினியர் தலைக்குப் பூசணும்'னான். நானும் கடைசி வரைக்கும் ஆடாமப் பிடிச்சிக்கிட்டு நின்னேன்.