தொட்டிலுக்கு ஒரு விட்டம்

செங்கலுக்கும் மரத்துக்கும் நடுவே மனிதரை மறவாத எங்கள் முதலாளி, கட்டடக் கலைஞர் ஜனாப் யஹ்யா மரைக்காயர் அவர்களுக்கு, தாங்கள் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்து ஓய்வு கொள்ளும் இந்நாளில், சிகாமட் அலுவலகத்தாரும் வேலைத்தலத்தாரும் அன்போடு வாசித்தளிக்கும் மடல்.

தங்கள் பெருமைகளை அடுக்கினால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆகையால் சபையோருக்கு ஒரு கதை சொல்கிறோம். தாங்களும் சற்றே அமர்ந்து கேட்க வேண்டும்.

1914ஆம் ஆண்டு. மரக்கடையும் செங்கற்சூளையும் உடைய செல்வக் குடும்பத்தின் இளைய பிள்ளை, சென்னையில் கட்டடக் கலை படித்து மலாயா திரும்பியிருந்தார். முதல் வேலை, பெக்கோக் அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தொழிலாளருக்கு இருபது வீடுகள். வெயில் இறங்காமல் கூரைக்கடியில் பலகை அடித்து, விட்டங்களையெல்லாம் மறைத்து அழகாக முடித்தார். மறுநாள் துரையிடம் ஒப்படைத்தால் அடுத்த நாற்பது வீடுகளும் அவருக்கே.

அன்று, அங்கே கல் சுமந்த பேச்சியம்மாள், கைக்குழந்தையுடன் தனக்கென்று ஒதுக்கிய மூன்றாம் வீட்டைப் பார்க்க வந்தார். இளையவரும் கங்காணியும் அங்கே நின்றிருந்தார்கள்.

"என்ன அண்ணாந்து பாக்குற? பல்லி இருக்கா?" என்றார் கங்காணி.

"பல்லிக்கு எடம் இருக்கு. எம்புள்ளைக்குத்தான் இல்ல. தொட்டில எதுல கட்டுறது, மொதலாளி?"

"வாய மூடு. நாளைக்குப் பெரட்டுல ஆள் கணக்கெடுக்கையில ஒம் பேரு இருக்காது."

இளையவருக்கு முகம் சிவந்துவிட்டது. அத்தனையும் வரைந்தவர் அதை நினைக்கவில்லை.

"அந்தம்மா பேர எடுத்தா எம்பேரையும் எடுத்துடுங்க, கங்காணி. தப்பு என்னோடது."

பலகைகளைப் பிரிக்கச் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும், திரும்ப அடிக்கும் பலகைக்குக் கீழே தெரியும்படி, தொட்டிலுக்கென்று ஒரு விட்டம் ஏறியது. ஒப்படைக்கும் நாள் தவறியதால் நாற்பது வீடுகளும் வேறொருவருக்குப் போயின.

"ஒரு பழஞ்சேலைக்காக நாப்பது வீட்ட விட்டுட்டு வந்திருக்கே," என்று அண்ணன் கடிந்தார்.

"நாப்பத அவங்க கட்டட்டும், காக்கா. இருபதுல புள்ளைங்க தூங்கட்டும்."

பேச்சியம்மாளின் பெயர் பெரட்டில் நின்றது. அதன்பின் எங்கள் முதலாளி எந்த வீட்டுக்கும் முதலில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, குடியிருக்கப் போகிறவர்களை அதற்குள் நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகே கடைக்கால் தோண்டினார். தாம் நோன்பிருந்த நாட்களிலும் எங்கள் மதியச் சாப்பாட்டை மறந்தாரில்லை. கதை இவ்வளவுதான்.

ஐயா, ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். தங்கள் மாளிகையில் சாந்து பூசிய உயர்ந்த கூரை உண்டு, விட்டம் இல்லை. மகள் ஜஹானாரா பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கிறார். சென்ற வியாழனன்று தாங்கள் ஜொகூர் பாருவில் இருந்தபோது, தங்கள் துணைவியார் மஹ்மூதா அம்மாளின் சம்மதத்தோடு, தெற்கு அறையில் வைரம் பாய்ந்த விட்டம் ஒன்றை ஏற்றிவிட்டோம். பேச்சியம்மாள் வந்து, சேலையைக் கட்டி, முழுப் பாரத்தையும் கொடுத்து இழுத்துப் பார்த்தார். "ம், தாங்கும்," என்றார். தங்களைக் கேளாமல் நாங்கள் செய்த வேலை இது ஒன்றே. மன்னித்தருள வேண்டும்.

அத்தொட்டிலில் பேரப்பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக உறங்க, தாங்கள் அருகிருந்து ஆட்டும் நீண்ட ஆயுளையும் நோயற்ற உடலையும் இறைவன் அருள்வானாக.

தங்கள் ஊழியர்கள் அனைவர் சார்பிலும்,
வரைபடக்காரன் தங்கராஜு,
பேச்சியம்மாளின் மகன், மூன்றாம் வீட்டில் உறங்கியவன்.
சிகாமட், 1937.