பரீட்சை ஹாலில் காவல் நின்றவர்

— சாப்பிட்டுக்கிட்டே பேசுங்க மிஸ். டபுள்ஸ் வண்டிகிட்ட வந்து, கடலை வெச்ச ரொட்டி ஒண்ணு வாங்காம வெறுங்கையோட நிக்கறவங்க நம்ம டிரினிடாட்ல ரெண்டே பேரு. ஒண்ணு போலீசு, இன்னொண்ணு வயித்துப்போக்கு வந்தவன். காரம் போடவா?

— எனக்கு எறங்காது வெர்லீன். நாளைக்கு விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருக்காங்க.

— கூப்பிடாம? அன்னிக்கு ஹால்ல இருந்த டீச்சர் நீங்கதானே. என் கெசியாவும் பக்கத்து டெஸ்க்கு டாக்டர் பையனும் கணக்குப் பேப்பர்ல அதே தப்பை அதே மாதிரி பண்ணியிருக்காங்களாம். உடனே முடிவு கட்டிட்டாங்க, டபுள்ஸ்காரி மகதான் பாத்து எழுதினாளாம். டாக்டர் வீட்டுப் புள்ளைக்குக் கழுத்தே திரும்பாது பாருங்க! பெரிய ஸ்கூல்ல எடம் போச்சுன்னா எம்பொண்ணும் என்னை மாதிரி மாவுதான் பெசையணும்.

— அதப் பத்தித்தான் உன்கிட்ட ஒண்ணு சொல்ல வந்தேன்.

— இருங்க, மொதல்ல நான் கேக்கறேன். இன்விஜிலேட்டர், இன்விஜிலேட்டர்ங்கறாங்களே, அப்படின்னா என்ன மிஸ்? கெசியாவைக் கேட்டா, கண்ணு அசராம காவல் இருக்கறவங்கன்னு சொன்னா.

— சரியாத்தான் சொல்லியிருக்கா. எல்லாப் பிள்ளைங்க மேலயும் கண்ணு வெச்சிருக்கணும்.

— வெச்சிருந்தீங்களா?

— இல்ல.

— அடப்பாவமே! தூங்கிட்டீங்களா?

— தூங்கியிருந்தாத் தேவலையே. உன் பொண்ணோட விலாசத்தைப் பாத்தேன், மலைமேல இருக்கற குடிசைப் பகுதின்னு இருந்துச்சு. ஷூவும் கிழிசல். இது கண்டிப்பாத் திருட்டுத்தனம் பண்ணும்னு மனசுல பட்டுது. அவ டெஸ்க்கு முன்னாடியே போய் நின்னுட்டேன்.

— அவளும் சொன்னா. உங்க சென்ட்டு வாசனை வந்தாலே எழுதினதை அழிச்சு அழிச்சு எழுதினாளாம்.

— அழிச்சதையும் பாத்தேன். திருட்டு முழி, திருட்டுக் கைன்னு நெனச்சேன். பதினோரு வயசுப் புள்ள, வெர்லீன்! நெனச்சா எனக்கே என்னைப் பிடிக்கல.

— மிஸ், எங்கையில கொதிக்கற எண்ணெக் கரண்டி இருக்கு. கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க.

— ஊத்து. வாங்கிக்கறேன்.

— அந்த டாக்டர் பையன்?

— அவன் பக்கமே நான் திரும்பல. எங்கண்ணு பூரா உன் பொண்ணு மேலதான்.

— எவ்ளோ நேரம்?

— மணி அடிக்கற வரைக்கும்.

— நடுவுல எங்கயும் போகல? வேற யாரையும் பாக்கல?

— இல்லன்னு சொல்றேனே.

— அவ தலையைத் தூக்கினாளா? பக்கத்துல எட்டிப் பாத்தாளா?

— எங்க பாத்தா? பாத்திருந்தா அப்பவே பேப்பரைப் பிடுங்கியிருப்பேன். அதுக்குன்னுதானே நின்னேன்!

— இதை அப்படியே நாளைக்குச் சொல்லுவீங்களா? அவ பாத்து எழுதலைங்கறதுக்கு உங்களை விட்டா வேற சாட்சி இல்ல.

— சொன்னா, அவளை மட்டும் ஏன் பாத்தேன்னு கேப்பாங்க. மலைக்குடிசைப் புள்ளைங்கறதாலதான்னு என் வாயாலயே சொல்லணும். இத்தனை வருஷ வேலை, பேரு எல்லாம் போகும்... போகட்டும். சொல்றேன். நீ என்னை நாலு திட்டாவது திட்டேன், வெர்லீன்.

— திட்டறதா? நல்லவேளை மிஸ், எம்பொண்ணைத் திருடின்னு நெனச்சீங்க.