அக்டோபர் விருந்துக்கு ருசி பார்த்தவர்

உருளைக்கிழங்கு சாலட்டுக்குக் கிழங்கைச் சூடு ஆறுவதற்கு முன்பே நறுக்கிவிட வேண்டும். ஆறிவிட்டால் வினிகரை உள்ளே இழுக்காது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. செய்து பார்த்துத் தெரிந்துகொண்டு நோட்டில் எழுதி வைத்தேன்.

எரிக் அங்கிள், அப்பாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "மூணு வருஷம் எட்டு மாசம் ஒரு சொட்டு தொடாதவன், ஒரே சாயங்காலத்துல எப்பிடிம்மா கவுந்தான்?" நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். எனக்கு ஆட்களிடம் பேச வராது. எழுத வரும். குடியை விட்டவர்கள் சர்ச் ஹாலில் கூடும் சனிக்கிழமை மீட்டிங்குக்கு அப்பாவை முதன்முதலாகக் கைபிடித்துக் கூட்டிப் போனவர் நீங்கள். ஆகவே பதில் உங்களுக்குத்தான் சேர வேண்டும். படித்துவிட்டு இதை யாரிடம் கொடுக்க வேண்டுமென்று நினைக்கிறீர்களோ அவர்களிடம் கொடுங்கள்.

மௌரீன் ஆன்ட்டியின் கேட்டரிங் கிச்சனில் நான் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். செப்டம்பர் முதல் வாரத்தில் அங்கே ஒரு ஆர்டர் வந்தது. சர்ஜாபூர் ரோட்டில் இருக்கும் ரகு சார் நாலு வருடம் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அங்கே குளிர் தொடங்குவதற்கு முன்னால் பெரிய பியர் திருவிழா நடக்குமாம். அதே மாதிரி தன் அபார்ட்மென்ட் புல்வெளியில் எண்பது பேருக்கு விருந்து வைக்க ஆசைப்பட்டார். சாப்பாடு அந்த ஊர்ப்படி அசலாக இருக்க வேண்டும், பன்னீர் டிக்காவைக் கொண்டுவந்து வைக்கக் கூடாது என்றார்.

"ஜெர்மன்காரன் பன்னிக்கறிய எப்பிடித் தின்னுவான்னு எனக்கு இன்னா மேன் தெரியும்?" என்றார் ஆன்ட்டி. "கேரல், நீதான் எப்பப் பாரு நோட்டுல கிறுக்கிக்கினே இருப்பியே. நீயே மெனு எழுது."

ஒன்பதாவதோடு நின்றவளுக்கு அது பெரிய பொறுப்பு. மூன்று நாள் போனில் தேடி எழுதினேன். அந்த ஊரில் பியர் குடிப்பதற்கு மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சுட்ட பன்றிக்கறிக்குக் கறுப்பு பியரில் குழம்பு வைக்கிறார்கள். மிருதுவான சீஸை வெண்ணெயும் வெங்காயமும் போட்டு மசிக்கும்போது கொஞ்சம் பியர் ஊற்றுகிறார்கள். ஆப்பிளை வளையமாக நறுக்கி, பியரில் கரைத்த மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். நம் பஜ்ஜிதான். இவற்றில் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. எல்லாம் அவர்களுடைய பாரம்பரியம்.

பியர் சேர்க்காமலும் செய்யலாம் என்று அங்கேயே போட்டிருந்தது. அதை நான் எடுத்து எழுதவில்லை.

அப்பா எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தார் என்று உங்களுக்குத் தெரியும். இருமல் மருந்து வாங்கினால்கூட லேபிளைக் கண்ணாடி போட்டுப் படிப்பார். கிறிஸ்துமஸுக்கு எந்த வீட்டில் கேக் நீட்டினாலும் ரம் இருக்குமென்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். ரம் இல்லாமல் நான் தனியாகச் சுடும் கேக்தான் அவருக்கு. "எம் மவ கையால குடுத்தா கண்ண மூடிக்கினு துன்னுவேன்" என்று உங்கள் மீட்டிங் மைக்கிலேயே சொல்லியிருக்கிறார். அந்த லேடி டாக்டர் சொன்னதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கல்லீரலில் கால்வாசிதான் மிச்சம், மறுபடி குடித்தால் இங்கே கூட்டிவர வேண்டாம் என்றார். அந்த அறையில் நீங்களும் நானும்தான் இருந்தோம்.

எண்பது பேருக்கு வைப்பதைச் செய்து பார்க்காமல் வைக்க முடியாது. ருசி பார்க்க ஓர் ஆள் வேண்டும். சமையலுக்கென்று ரகு சார் ஒரு பெட்டி கறுப்பு பியரை முன்னதாகவே அனுப்பியிருந்தார். வாரத்தில் இரண்டு நாள் கிச்சனில் செய்து பார்த்து, மூன்றடுக்கு கேரியரில் ஈஜிபுராவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கொதித்தால் போதை போய்விடும் என்று சமையல்காரர்கள் சொல்வார்கள். அதனால் அப்பாவுடைய பங்குக்கு மட்டும் அடுப்பை அணைத்த பிறகு ஊற்றினேன்.

முதல் நாள் அவர் குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு விரலை முகர்ந்தார்.

"இன்னா கண்ணு போட்ட இதுல? இப்பிடித் தூக்குது."

"வினிகர்பா. அப்புறம் சீரகம் மாதிரி ஒண்ணு, அந்த ஊர்லேர்ந்து வரும்."

"வேற ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்லப்பா."

இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான். அவர் காலத்தில் பிராந்தி குடித்தவர். பியரை அவர் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை, "அது ஜொரம் வந்தவன் குடிக்கிற கஞ்சி" என்பார். வாசனை பிடிபடாமல் போனதற்கு அதுதான் காரணமாக இருக்கும். அல்லது என்னை நம்பியது காரணமாக இருக்கும்.

இரண்டாவது வாரத்திலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிகாலையில் எழுந்து தெருமுனை வரை நடப்பார். ஷட்டர் மூடிய ஒயின் ஷாப் எதிரில் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். கல்யாண பேண்டில் ஊதும் டிரம்பெட்டை எடுத்துத் துடைப்பார், ஊதாமல் வைப்பார். செவ்வாய், வெள்ளி ஆனால் ஆறு மணிக்கே வாசலில் நாற்காலி போட்டு கேரியருக்குக் காத்திருப்பார். "ஜெர்மன் மெஸ்ஸு இன்னும் தொறக்கலியா?" என்று கேலி செய்வார். சனிக்கிழமை மட்டும் வந்தவர் புதன்கிழமை மீட்டிங்குக்கும் வர ஆரம்பித்தது உங்களுக்கு நினைவிருக்கும். காரணமே இல்லாமல் பழைய ஆசை திரும்புகிறது என்று உங்களிடம் அழுதார். அந்த மாதிரி நேரத்தில் ஏதாவது இனிப்பு சாப்பிடு என்று நீங்கள் சொன்னீர்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார். ஆப்பிள் பஜ்ஜி இனிப்புதான். அவருக்கென்று சர்க்கரைப் பாகும் காய்ச்சி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பியர் ஊற்றிக் கொடுத்தேன்.

இதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். எவ்வளவு சாப்பிட்டார், எப்போது எழுந்தார், கை நடுக்கம் உண்டா என்று. மெனு எழுதுகிறவர்கள் சாப்பிடுகிறவரைக் கவனிக்க வேண்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். அவர் குடித்ததற்காக இல்லை. பதினைந்து வருடம் குடித்தார். என் அம்மா ஐரின் இறந்த அன்று சவப்பெட்டியை மூடும் வரை அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைக்கூட நான் ஒதுக்கி வைத்துவிட்டேன். அதைச் செய்தது சாராயம் என்று நீங்கள் சொன்னீர்கள், சரி என்றேன்.

ஆனால் போன வருடம் ஒரு சனிக்கிழமை ஹாலில் நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்பா மைக்கைப் பிடித்தார். "எம் மவ ஒம்போதாவது படிக்கசொல்ல, ஸ்கூல் கேட்டுல நின்னு முழு போதையில டிரம்பெட் ஊதினேன். சும்மா இல்ல, கல்யாண பேண்டு பாட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து ஓயும் வரை காத்திருந்தார். பிறகு குரலை இறக்கி, "எம் பொண்ணோட ஒரு சாக்ஸு கணுக்காலுக்கு எறங்கியிருந்துது. குனிஞ்சு இழுத்தா எல்லாரும் பாப்பாங்கன்னு குனியாமலே நின்னா. அன்னிக்கு நின்னவ, ஸ்கூல் வாசல அப்புறம் மிதிக்கல" என்றார். ஹாலில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள். டீ வாங்க வந்தபோது, "ஒங்கப்பன் மாதிரி தைரியம் யாருக்கும் வராதும்மா" என்றீர்கள்.

அங்கிள், ஸ்கூல் கேட்டில் அன்றைக்கு அவரால் நிற்கவே முடியவில்லை. வாட்ச்மேன்தான் பிடித்துக்கொண்டிருந்தார். என் சாக்ஸ் அவருக்கு எப்படித் தெரியும்? அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்த என் நோட்டில் மட்டும்தான் எழுதியிருந்தேன். அதை அவர் எடுத்துப் படித்திருக்கிறார். படித்து, மனப்பாடம் செய்து, எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள், எங்கே குரலை இறக்கினால் அழுவார்கள் என்று பழகியிருக்கிறார். அதன் பிறகு நீங்கள் அவரைப் பொம்மனஹள்ளி மீட்டிங்குக்கும் சந்தாபுரா மீட்டிங்குக்கும் கூட்டிப் போனீர்கள். போன இடத்திலெல்லாம் என் சாக்ஸ் இறங்கியது. எல்லோரும் அவருக்காக அழுதார்கள்.

நோட்டை எடுத்தபோது அவர் குடிக்கவில்லை. நல்ல தெளிவோடு செய்த காரியம் அது. அவரிடம் அந்தத் தெளிவு ஒன்றுதான் இருந்தது, அதைத்தான் நான் எடுத்தேன்.

ரகு சார் விருந்துக்கு பேண்டு வேண்டும் என்றதும் கோவிந்தப்பா பேண்டைச் சொன்னது நான்தான். கோவிந்தப்பா அப்பாவோடு ஊதுகிறவர். மது இருக்கும் இடத்துக்கு அப்பா போகக் கூடாது என்று நீங்கள் தடுத்தீர்கள். "கேரல் அங்கதானே இருப்பா, அவ கையால தட்டு வாங்கிக்கிறேன்" என்றார். அப்போதுதான் நீங்கள் சம்மதித்தீர்கள்.

அக்டோபர் இரண்டாவது ஞாயிறு, சாயங்காலம் ஐந்து மணி. நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட துணி விரித்த நீள மேசைகள். பேண்டுக்காரர்கள் ஆறு பேருக்கும் தோளில் வார் வைத்த அரை டிரவுசர் வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

"சிரிலண்ணா, இந்த வயசுல தொட தெரிய நிக்கிறியே, சாமிக்கே அடுக்குமா?" என்று அப்பாவைக் கேலி செய்தார் கோவிந்தப்பா.

"காத்து நல்லா வருதுடா. மூச்சு பிடிக்க வசதி."

நன்றாகத்தான் ஊதினார். அது அவருக்கு எப்போதும் வரும். நாலாவது பாட்டு முடிந்ததும் ரகு சார் மைக்கில் சாப்பாட்டைப் புகழ்ந்தார். அப்பா அவரிடமிருந்து மைக்கை வாங்கினார். "இந்த மெனு முழுக்க எம் மவ எழுதினது சார். ஒம்போதாவதோட நின்னவ. நின்னது என்னாலதான்" என்று ஆரம்பித்தார். முகம் தெரியாத எண்பது பேர் முன்னால் ஸ்கூல் கேட் வந்தது, டிரம்பெட் வந்தது, சாக்ஸ் இறங்கியது. கைதட்டினார்கள். ரகு சாரின் மனைவி ஷோபா மேடம் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். என் கையில் ஆப்பிள் மாவு இருந்தது.

பிறகு அப்பா தட்டு வாங்க வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா சொன்னேனா கண்ணு?" என்றார்.

கறியும் குழம்பும் வைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டார்.

"அதுல பியர் இருக்குப்பா" என்றேன்.

சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"இதுலயா?"

"எல்லாத்துலயும். பாகுல கூட."

"எத்தினி நாளா?"

"அஞ்சு வாரம்."

வாயில் இருந்ததைத் துப்பவில்லை. மென்று விழுங்கினார். "தெரிஞ்சேவா குடுத்த?" என்று கேட்டார். மெனு நான் எழுதியதுதானே என்றேன். மூன்று வருடம் குடிக்காமல் இருந்ததற்கு உங்கள் மீட்டிங்கில் கொடுத்த மெடலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, என் மேசையில், மஸ்டர்டு கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "அப்ப இது பொய்யி" என்றார். தெரியாமல் சாப்பிட்டது கணக்கில் வராது என்று உங்கள் கூட்டத்தில் சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு ஞாபகம் வரவில்லை. நான் ஞாபகப்படுத்தவில்லை.

பியர் பீப்பாய் முன்னால் வரிசை இருந்தது. போய் அதன் கடைசியில் நின்றார். முன்னால் ஏழு பேர் இருந்தார்கள். ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பார். எண்ணெய் காய்ந்துவிட்டது, நான் பஜ்ஜியைப் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பியரிலிருந்து பிராந்திக்கு ஒரு வாரம். ஜனவரியில் ஆஸ்பத்திரி வார்டு. மஞ்சளாகிப் போன கண்ணோடு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை அடக்கத்தன்று கல்லறையில் நீங்கள் எல்லோருக்கும் சொன்னீர்கள். "யாரும் எனக்குக் குடுக்கல எரிக்கு, நாக்கு ஊறுச்சு, நானே போய் எடுத்தேன்." கடைசி வரை யாரையும் குறை சொல்லாத மனிதன் என்றீர்கள். கூட்டத்தில் எல்லோரும் அழுதார்கள்.

அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பாருங்கள், என் சாக்ஸை எடுத்த மாதிரி, நான் செய்த இதையும் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார்.

வரும் சனிக்கிழமை அவர் ஞாபகார்த்தமாக நீங்கள் மைக்கில் பேசப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் தானாக விழுந்தார் என்று சொல்லாதீர்கள். அவர் நன்றாக நின்றுகொண்டிருந்தார். விழ வைத்தது நான். கல்லீரல் கால்வாசிதான் இருக்கிறது என்று தெரிந்து, அவர் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று எழுதி வைத்து, அவர் நம்பிய கையாலேயே ஊட்டிக் கொன்றேன். சின்னப் பெண், ஏதோ கோபத்தில் செய்துவிட்டாள் என்றும் சொல்லிவிடாதீர்கள். கோபத்தோடு சமைத்தால் உப்பு அளவில் நிற்காது. அந்த ஐந்து வாரத்தில் ஒரு நாள்கூட எனக்கு உப்பு தவறவில்லை.