ஆறு நெகட்டிவ், ஒரே படம்

தையல்நாயகி: கையை எடுய்யா! டீக்கடை செவுத்துலருந்து கிழிச்சிக்கினு வந்தேன் இந்தக் காலண்டர. இது நீ புடிச்ச படம்தான?

மரியதாஸ்: நான் புடிச்சதுதாம்மா. மரக்காணத்துல வேற எவன் ஸ்டுடியோ வச்சிருக்கான்? உப்பு மொதலாளி கேட்டாரு... மொதல்ல உக்காரு.

தையல்நாயகி: உக்கார வரல. ஆடி மூணாந்தேதி காலையில எடுத்ததுன்னு டீக்கடையில சொன்னாங்க. ஆமாவா, இல்லையா?

மரியதாஸ்: ஆமா... அதுக்கென்ன இப்ப?

தையல்நாயகி: அதுக்கென்னவா? அன்னிக்குத்தான்யா எங்க ஊட்டுக்காரரு செத்தாரு!

மரியதாஸ்: யாரு... சடையப்பனா? அப்ப நீ...

தையல்நாயகி: அவரு சம்சாரம்தான். அன்னிக்கு அவரு உப்பளத்துக்கே வரலியாம், குடிச்சிட்டு ரோட்டுல வுழுந்து செத்தாராம். மேஸ்திரி ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறான். என் புள்ளைங்கள குடிகாரன் பெத்ததுங்கன்னு கூப்புடறாங்க! படத்துலயாவது இருப்பாருன்னு பாத்தா ஒரு ஆளக்கூட காணோம். இருபது பேரு உப்பு வாரின எடம்... அவன் சொல்லி நீ அழிச்சிட்டியா?

மரியதாஸ்: ஐயோ, நான் அழிக்கலம்மா! விடியற நேரம், வெளிச்சம் பத்தல. ஒரு நெகட்டிவ மட்டும் போட்டா படம் பூரா ரவை கொட்டினாப்புல புள்ளி. அதனால...

தையல்நாயகி: அதனால?

மரியதாஸ்: ஸ்டாண்ட நகத்தாம ஆறு எடுத்தேன். ஆறையும் ஒண்ணு மேல ஒண்ணா ஒரே பேப்பர்ல பிரிண்ட் போட்டேன். ஒவ்வொண்ணுலயும் புள்ளி வேற வேற எடத்துல வுழும், ஒண்ண ஒண்ணு அமுக்கிடும். பாரு, வரப்புல வெடிப்புக்கூட தெரியுது!

தையல்நாயகி: ஆளுங்க?

மரியதாஸ்: வாரிக்கினே நகந்தாங்க இல்ல? நகந்தவங்க கலைஞ்சிடுவாங்க. ஆறுலயும் ஒரே எடத்துல இருக்கறதுதான் நிக்கும்.

தையல்நாயகி: நல்லா இருக்குய்யா உன் நியாயம்! ஒழைச்சவன் கலைஞ்சிட்டான், மொதலாளி உப்பு மட்டும் நின்னுடுச்சி. ...சரி, வரப்போரமா இது இன்னா?

மரியதாஸ்: அது... உப்பு மூட்டை.

தையல்நாயகி: மூட்டைக்கு எதுக்குய்யா கட்டம் போட்ட துண்டு?

மரியதாஸ்: காலண்டர இப்படிக் குடும்மா...

தையல்நாயகி: தர மாட்டேன்! அந்தத் துண்டுக்கு ஒட்டுப் போட்டவ நான். ஒட்டுகூட தெரியுது.

மரியதாஸ்: தூங்கறாருன்னு நெனச்சேம்மா...

தையல்நாயகி: ஆறு படம் எடுக்க எவ்ளோ நேரம்?

மரியதாஸ்: கால் மணி நேரம்... இருக்கும்.

தையல்நாயகி: கால் மணி நேரம் அசையாம கெடந்திருக்காரு! ஒருத்தன்கூட கிட்ட போவலியா? அந்த மேஸ்திரி, படுபாவி, எங்க பூட்டான்?

மரியதாஸ்: அவன் எழுப்பத்தாம்மா போனான்... 'அசைஞ்சா படம் கெட்டுடும், அப்படியே உடு'ன்னு நாந்தான் சொன்னேன்.